கழிமுகத்திலிருந்து பூங்காவுக்கு: தாவரவியற் பூங்காவும் இடைநிலை மாணவரின் கல்விச் சுற்றுலாவும்

இலங்கையில் பள்ளிக் கல்விச் சுற்றுலா என்றால் கண்டி. கண்டி என்றால் பேராதனைப் பூந்தோட்டம். இந்த வழக்கம் எந்த மாவட்டத்துக்கும் பொதுவானது. திருகோணமலை மாவட்டத்தில் கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூரை அடுத்துள்ள கட்டைபறிச்சானிலிருந்து பார்த்தால் பேராதனை ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போய் மரம் பார்ப்பதற்கு ஊரில் மரமில்லையா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அந்தக் கேள்வியைக் குறும்பு என்று தள்ளிவிட முடியாது. வயலும் பனங்கூடலும் களப்போரக் கண்டற்காடும் சூழ்ந்த ஊரில் வளரும் பிள்ளைக்குத் தாவரவியற் பூங்கா தரக்கூடியது எது, அதைப் பெறுவதற்கு எவை தேவை, பெரும்பாலான சுற்றுலாக்களில் அது ஏன் கிடைக்காமற் போகிறது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

பூங்கா என்னும் சொல் கொஞ்சம் ஏமாற்றும். சிறுவர் பூங்காவுக்கும் தாவரவியற் பூங்காவுக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியாது: புல்வெளி, பாதை, வாங்கு, பூப்பாத்தி. உள்ளே இருப்பது வேறு. தாவரவியற் பூங்காவில் நிற்கும் மரங்களுக்குப் பதிவேடு உண்டு. எந்த இனம், எங்கிருந்து வந்தது, எப்போது நடப்பட்டது என்ற விவரம் எழுதி வைக்கப்படும். ஆராய்ச்சிக்காகப் பேணப்படும் உயிருள்ள சேகரிப்பு அது. ஐரோப்பாவில் இந்த அமைப்பு மருத்துவ மாணவருக்கு மூலிகை காட்டுவதற்காகவே தொடங்கியது. இத்தாலியின் பாதுவா நகரப் பூங்கா 1545இலும், இலண்டன் செல்சி மருந்துத் தோட்டம் 1673இலும் அந்த நோக்கத்துடன் அமைந்தன. ஆக, மாணவரை மரத்தடிக்கு அழைத்துச் செல்வது பூங்காவுக்குப் பிற்காலத்தில் ஒட்டவைத்த பணி அல்ல. பூங்கா பிறந்ததே அதற்காகத்தான்.

பேராதனையின் கதை

பேராதனை முதலில் அரசரின் இடம். 1371இல் மூன்றாம் விக்கிரமபாகு அங்கே அரசிருந்தார் என்பர். கீர்த்தி சிறி இராசசிங்கன் காலத்தில் அது அரச தோட்டமாயிற்று. கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் கைக்குப் போன பின், 1821இல் அலெக்சாண்டர் மூன் அங்கே தாவரவியற் பூங்காவை நிறுவினார். இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றை 1824இல் வெளியிட்டார். கார்ட்னர், துவைற்ஸ், திரிமன், வில்லிஸ் எனப் பின்னால் வந்த பொறுப்பாளர்கள் அதை ஆசியாவின் முதல்வரிசைப் பூங்காக்களுள் ஒன்றாக்கினர். இன்று அதன் பரப்பு 147 ஏக்கர்.

இந்த வரலாற்றில் மாணவருக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான பகுதி, சுற்றுலா வழிகாட்டிகள் வேகமாகக் கடந்துபோகும் பகுதிதான். பேராதனையும் அதன் கிளைப் பூங்காக்களும் குடியேற்ற அரசின் பயிர்ச் சோதனைக் களங்களாக இருந்தன. கொய்னா மரத்துக்காக 1861இல் ஹக்கலைப் பூங்கா திறக்கப்பட்டது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுவந்த இறப்பர் விதைகள் இலண்டனின் கியூ பூங்காவில் முளைக்க வைக்கப்பட்டன. அவற்றிலிருந்து 1,919 கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறி, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் வேரூன்றின. கோப்பியை அழித்த இலைத்துரு நோயை 1880களின் தொடக்கத்தில் மார்ஷல் வார்ட் ஆராய்ந்ததும் பேராதனையை மையமாகக் கொண்டுதான். பூங்காவில் பிழைத்த கன்று தோட்டமாயிற்று. தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மலையகத் தமிழராயினர். பேராதனைப் புல்வெளியின் அழகைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லப்படும் தமிழ் மாணவருக்கு, அழகின் மறுபக்கமாக இந்தச் சங்கிலியும் தெரிந்திருக்க வேண்டும். தாவரவியல், வரலாறு, புவியியல் ஆகிய மூன்று பாடங்களும் ஒரே மரத்தடியில் சந்திக்கும் இடம் இதைப்போல் வேறில்லை.

ஒரே ஆற்றின் இரு முனை

கட்டைபறிச்சான் பிள்ளைகளுக்குப் பேராதனையோடு ஓர் உறவு ஏற்கெனவே இருக்கிறது. பூங்காவை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் மகாவலி கங்கை, 335 கிலோமீற்றர் ஓடி முடிந்து கடலில் விழுவது மூதூர்ப் பக்கத்திலுள்ள கொட்டியாரக் குடாவில்தான். கங்கையின் இன்னொரு கிளை வெருகல் ஆறாகப் பிரிந்து அல்லைப் பகுதி வயல்களுக்கு நீர் தருகிறது. அதாவது கழிமுகத்துப் பிள்ளைகள் ஆற்றின் மேல்வளைவைப் பார்க்கப் போகிறார்கள். தேசப்படத்தில் அந்தக் கோட்டை விரலால் தொட்டுக் காட்டிவிட்டால், அது அவர்கள் ஊர் ஆற்றைத் தேடிப் போகும் பயணமாகிவிடும்.

போகும் பாதையும் இதற்கு ஒத்துழைக்கிறது. மூதூரிலிருந்து அல்லை–கந்தளாய் வீதியால் ஏறும் பஸ், கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போகும். பொல்கொல்லை அணையில் 1976 முதல் திருப்பப்படும் மகாவலி நீர் அம்பன் கங்கை வழியாக வந்து சேரும் குளங்களுள் கந்தளாய்க் குளமும் ஒன்று. விடிவதற்கு முன் அக்குளக்கட்டைக் கடக்கும் பஸ்ஸில் பெரும்பாலும் எல்லோரும் நித்திரை. உலர்வலயக் காட்டின் பாலையும் வீரையும் முதிரையும் யன்னலோரம் பின்னோடி, மாத்தளை வளைவுகளில் கொக்கோவும் மிளகுக் கொடியும் தோன்றும் மாற்றத்தைப் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு விளக்குவார்கள். பஸ்ஸில் அது சில மணி நேரக் காட்சி. ஆனால் அந்த வளைவுகளில்தான் சத்தி எடுக்கும் பிள்ளைகளுக்குத் தேசிக்காயும் பையும் நீட்டிக்கொண்டு ஆசிரியர்கள் அலைந்துகொண்டிருப்பார்கள். எந்தப் பாடத்திட்டமும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டு மணி நேரத்தில் 147 ஏக்கர்

பிரச்சினை அங்கிருந்தே தொடங்குகிறது. இரவு இரண்டு மணிக்குப் புறப்படும் பஸ் ஒரே பயணத்தில் தலதா மாளிகை, கண்டி வாவி, பேராதனை, முடிந்தால் பின்னவலை யானைகள் என்று எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கும். பணம் கட்டிய பெற்றோருக்கு இடங்களின் எண்ணிக்கைதான் கணக்கு. பூங்காவுக்குக் கிடைப்பது ஒன்றரை, இரண்டு மணி நேரம். அதில் பாதி சோற்றுப் பார்சலுக்கும் தலை எண்ணுவதற்கும் போய்விடும். மிச்ச நேரத்தில் அரச பனை வரிசைக்கு முன் ஒரு படம், ஓர்க்கிட் மனைக்குள் ஒரு சுற்று, தொங்கு பாலத்தில் கொஞ்சம் ஆட்டம். மாணவர் மகிழ்ச்சியாகத்தான் திரும்புவார்கள். மகிழ்ச்சி தவறல்ல, அதைக் கல்வி என்று பதிவுப் புத்தகத்தில் எழுதுவதுதான் கொஞ்சம் மிகை.

இதுபற்றி உலகில் அரை நூற்றாண்டாக ஆய்வு நடந்திருக்கிறது. 1978இல் அமெரிக்காவின் ஜோன் ஃபோல்க்கும் சக ஆய்வாளரும் காட்டியது எளிமையானது: முற்றிலும் புதிய இடத்துக்குப் போகும் பிள்ளையின் கவனம் முதலில் அந்த இடத்தைப் பழகிக்கொள்வதிலேயே செலவாகும், கொடுத்த பாடம் பின்தள்ளப்படும். இஸ்ரேலிய ஆய்வாளர் நிர் ஓரியன் 1990களில் இதை விரித்து, அந்தப் புதுமைக்கு மூன்று பக்கம் உண்டு என்றார். பாடப் பொருள் தெரியாமை ஒன்று. இடம் தெரியாமை இன்னொன்று. அன்றைய நாள் எப்படிப் போகும், எங்கே சாப்பாடு, எங்கே மலசலகூடம் என்று தெரியாமை மூன்றாவது. இம்மூன்றையும் முன்கூட்டியே வகுப்பறையில் குறைத்துவிட்டால், களத்தில் கற்கும் அளவு கூடுகிறது. ஊர் எல்லையைத் தாண்டிய பழக்கம் குறைந்த கிராமப் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பூங்காவின் வரைபடத்தைக் கரும்பலகையில் கீறி, வாயில் இங்கே, ஆறு இங்கே, நாம் சாப்பிடும் இடம் இங்கே என்று முதல்நாள் காட்டுவதற்குச் செலவு ஒரு வெண்கட்டிதான்.

அதேபோல், ஃபோல்க்கும் லின் டியர்க்கிங்கும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், 128 பேரிடம் தங்கள் பள்ளிக்காலச் சுற்றுலா பற்றிக் கேட்டபோது 96 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒன்று நினைவில் இருந்தது. இந்த எண்ணைச் சுற்றுலா ஆதரவாளர்கள் விரும்பி எடுத்தாளுவர். ஆனால் நினைவில் நிற்பது எது என்பதே கேள்வி. பஸ்ஸில் பாடிய பாட்டும் நினைவுதான்; இலை நரம்பும் நினைவுதான்.

தாவரங்களுக்கு மட்டும் உரிய இன்னொரு தடையும் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர்களான வாண்டர்சீயும் ஷூஸ்லரும் 1999இல் அதற்குத் தாவரக் குருடு எனப் பொருள்படும் பெயர் கொடுத்தனர்: மனிதக் கண் விலங்கைத் தனித்துப் பார்க்கும், செடியைப் பச்சைப் பின்னணியாகப் பார்த்துவிட்டு விட்டுவிடும். பேராதனையில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. உயர்ந்த மரங்களில் நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்கும் பழவௌவால்களைக் காட்டினால் முழு வகுப்பும் அண்ணாந்து நிற்கும். அவை தொங்குவது எந்த மரம் என்று கேட்டால் பதில் வராது.

எவற்றைப் பார்ப்பது

எல்லாவற்றையும் பார்க்க முயல்வதை விட்டுவிட்டு, ஊரில் தெரிந்த ஒன்றோடு பிணைக்கத்தக்க நாலைந்து தாவரங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் அரை மணி நேரம் நிற்பதே பயன் தரும். அப்படிப் பார்த்தால் கட்டைபறிச்சான் மாணவருக்குப் பேராதனை புது ஊர் அல்ல.

பனையிலிருந்து தொடங்கலாம். பூங்காவின் சாலைகளில் ஒன்று 1887இல் நடப்பட்ட பனை வரிசை. மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வேலியோரம் அன்றாடம் பார்க்கும் மரம், இங்கே காட்சிப் பொருளாக, பெயர்ப்பலகையோடு நிற்கிறது. சிரிப்பு வரும், வரட்டும். அங்கிருந்து கடல் தேங்காய் மரத்துக்கு நடந்தால் பாடம் தொடங்கிவிடும். சீசெல்ஸ் தீவுகளுக்கே உரிய இந்த மரம் பேராதனைக்கு 1850இல் வந்தது. இதன் காய் முற்ற ஆறேழு ஆண்டு ஆகும். விதையே உலகின் மிகப் பெரிய விதை, இருபது கிலோகிராமையும் தாண்டக்கூடியது. வழிகாட்டி சொல்வது இவ்வளவே. ஊர்ப் பிள்ளை இதற்கு மேலும் போகலாம். கடல் தேங்காய் பனையின் நெருங்கிய உறவினம். பனையைப் போலவே இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பனையின் பாளை எப்படி இருக்கும், நுங்கு எதில் காய்க்கும் என்று சின்ன வயதிலேயே தெரிந்த பிள்ளைகளிடம், இதில் எது ஆண் என்று கேட்டுவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நிற்கலாம். பாடநூலில் ஈரில்லமுள்ள தாவரம் என்று படித்துக் கொப்பியில் எழுதியது, அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் விடயமாகிவிடும்.

அடுத்தது தாளிப்பனை. இதற்கும் மூதூருக்கும் பழைய தொடர்பு. 1660இல் ஆன் என்ற கப்பல் கொட்டியாரக் குடாவில் நின்றபோது அதில் வந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். அவர் பிடிபட்டதாகச் சொல்லப்படும் புளியமரம் மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்ற பெயரில் அறியப்பட்டது. பத்தொன்பது ஆண்டு கண்டி நாட்டில் சிறையிருந்து தப்பிய நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், ஒரே ஓலையின் கீழ் பதினைந்து இருபது பேர் மழைக்கு ஒதுங்கலாம் என்று தாளிப்பனையை வியந்து எழுதினார். வாழ்நாளில் ஒரே முறை, முப்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்து, உச்சியில் ஆள் உயரத்தின் பல மடங்கு பூங்கொத்து விட்டு, காய்த்ததும் பட்டுப்போகும் மரம் இது. நொக்ஸ் போன திசையிலேயே, நல்ல வேளையாக விலங்கில்லாமல், கட்டைபறிச்சான் பஸ்ஸும் போகிறது.

இராட்சத மூங்கில் கூட்டம் ஆற்றங்கரையில் நிற்கிறது. மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு ஓர் அடி அளவில் உயரும் குருத்து இதற்கு உண்டு. தண்டு முழுக்கப் பார்வையாளர்கள் கத்தியால் செதுக்கிய பெயர்கள். காதலர் பெயரே அதிகம். மாணவர் முதலில் வாசிப்பது அவற்றைத்தான். தடுக்கத் தேவையில்லை, அந்தக் கீறல் ஏன் மரப்பட்டையில்போல் ஆறி மூடவில்லை என்று கேட்டால் போதும். மூங்கில் மரமல்ல, புல். தென்னையையும் நெல்லையும் போல ஒருவித்திலைத் தாவரம். குருத்து எந்தத் தடிப்பில் மண்ணைப் பிளந்து வந்ததோ அதே தடிப்பில் நிற்கும், பின்னர் பருக்காது. அல்லை வயலில் நெற்பயிரின் கணுவைத் தொட்டுப் பார்த்த கை, இங்கே முழங்கை நீளக் கணுவிடையைத் தொடும். கந்தளாயில் ஒருகாலத்தில் ஆலைக்காக விளைந்த கரும்பும் இதே புற்குடும்பம்தான்.

உயர்தர உயிரியல் மாணவருக்கு வேறொரு பட்டியல் உண்டு. பொகனாட்டம், செலாஜினெல்லா, நெப்ரோலெப்பிஸ், சைக்கஸ் என்று தாவர இராச்சியத்தின் படிகளைப் படத்தில் மட்டும் பார்த்துப் பரீட்சை எழுதும் நிலை உலர்வலயப் பள்ளிகளில் வழமை. பேராதனையின் பன்னத் தோட்டமும் சைக்கஸ் சேகரிப்பும் அந்தக் குறையைத் தீர்க்கும். அவர்களுக்கு ஓர்க்கிட் மனை இரண்டாம் பட்சம். பன்னத்தின் இலையடியிலுள்ள பழுப்பு நிற வித்திக் குவையைக் கைவில்லையில் பார்ப்பது முதற்பட்சம்.

பெயர்ப்பலகை

பூங்காவின் பெயர்ப்பலகையில் கண்ணைக் கவர்வது இலத்தீன் பெயர். மாணவர் அதை எழுத்தெழுத்தாகக் கொப்பியில் இறக்கிவிட்டு நகர்வர். இதைவிட வீணான வேலை சுற்றுலாவில் வேறில்லை. பெயருக்குப் பின்னால் கதை இருந்தால் மட்டுமே அது மனத்தில் ஒட்டும். ஆங்கில மர வணிகத்தில் டிரிங்கோமலி வூட் என்று பெயர்பெற்ற மரம் ஒன்று உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல, தமிழில் சாவண்டலை. பீப்பாவுக்கும் படகுக்கும் பெயர்போன, பாரமும் வளைவும் தாங்கும் மரம் அது. திருகோணமலைத் துறைமுகத்தின் பெயர் அதன்மேல் ஏறியது. சிங்களப் பெயரின் திரிபு அம்மோனில்லா என்று இலத்தீனுக்குள் போய் உட்கார்ந்தது. ஆறு சிறகு விரித்த அதன் காய் காற்றில் சுழன்று இறங்குவதைப் பார்த்த பிள்ளைக்கு, விதைப் பரம்பல் என்ற பாடத்தைத் தனியாக நடத்தத் தேவையில்லை.

தமிழ்ப் பெயர்களைச் சேகரிப்பதில் ஆங்கிலேயத் தாவரவியலார் நம்மவரைவிட அக்கறை காட்டியிருக்கின்றனர் என்பதும் சொல்ல வேண்டியது. ஹென்றி திரிமன் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவரக் கைநூலில் இலத்தீன் பெயரோடு சிங்கள, தமிழ்ப் பெயர்களும் தரப்பட்டுள்ளன. தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொன்ன குறிஞ்சிப்பாட்டைத் தமிழ்ப் பாடத்தில் படிக்கும் மாணவர், தம் வீட்டு வேலியிலுள்ள ஒன்பது செடிக்குப் பெயர் சொல்லத் திணறுவதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. வீட்டில் அப்பாச்சியிடம் கேட்டு எழுதிய பெயர்ப் பட்டியல் ஒன்று சுற்றுலாவுக்கு முந்திய வாரத்து வேலையாக இருந்தால், பூங்காவில் இலத்தீனுக்குப் பக்கத்தில் எழுத ஒரு சொல் கையில் இருக்கும்.

பேராதனை மட்டும்தானா

பேராதனை ஈரவலயத்துப் பூங்கா. உலர்வலயத்துக்கென ஹம்பாந்தோட்டை மிரிஜ்ஜவிலையில் தனிப் பூங்கா அமைந்திருக்கிறது. திருகோணமலையிலிருந்து அது இன்னும் தூரம். ஆனால் கண்டிக்குப் போகும் வழியிலேயே, தம்புள்ளைக்குப் பக்கத்தில், கண்டலம வீதியில் ஓர் இடம் இருக்கிறது. சாம் பொப்பம் என்ற ஆங்கிலேயர் 1963இல் தொடங்கிய மரத்தோப்பு அது. முதலில் கன்று நட்டுப் பார்த்துத் தோற்றவர், பின்னர் முட்புதரை மட்டும் விலக்கி, காடு தானாகவே மீள விட்டார். சேனைக்கு வெட்டப்பட்ட நிலம் உலர்வலயக் காடாகத் திரும்பியது. பாலை, வீரை, கருங்காலி என்று நிற்பவை எல்லாம் மூதூர் கிழக்குக் காட்டின் மரங்கள். பின்னவலையை வெட்டிவிட்டு இங்கே ஒரு மணி நேரம் நின்றால், வெட்டிய காடு எப்படித் திரும்பும் என்ற வினாவுக்கு விடை கண்ணெதிரே கிடைக்கும். போரில் இடம்பெயர்ந்து திரும்பிவந்து காணியில் மண்டிய காட்டை வெட்டித் துப்புரவாக்கிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்த வினா புதிதல்ல.

வீட்டுக்கு அருகிலுள்ள களப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டைபறிச்சானை ஒட்டிய களப்போரத்தில் கண்டலின் முட்டுக்கால் வேர், வெண்கண்டலின் சேற்றிலிருந்து எழும் மூச்சுவேர், பால் பட்டால் கண்ணைக் கெடுக்கும் தில்லை எல்லாம் இருக்கின்றன. வெண்கண்டல் இலையின் அடிப்புறத்தை நாவால் தொட்டால் உப்புக் கரிக்கும்; இலை உப்பை வெளியே தள்ளுகிறது. பேராதனை தர முடியாத பாடம் இது. சுற்றுலாவுக்கு இரண்டு வாரத்துக்கு முன் ஒரு காலைப்பொழுது இங்கே இலை வரைந்து பழகிய வகுப்பு, பூங்காவில் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்காது. ஓரியன் சொன்ன முன்தயாரிப்பைப் பஸ் வாடகை இல்லாமல் செய்யும் வழியும் இதுவே.

தடைகள்

அதிபர் விண்ணப்பித்து வலயக் கல்வி அலுவலகம் அனுமதி தர வேண்டும். பெற்றோர் கையொப்பமிட வேண்டும். பஸ் வாடகையைப் பங்கிட வேண்டும். கூலிவேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை கடைசி நாளில் பெயரை வெட்டிக்கொள்வது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த காட்சி. 2006இல் போரினால் மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது சுற்றுலா என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. சம்பூர் மக்களில் ஒரு பகுதியினர் கட்டைபறிச்சான் முகாமிலேயே 2015 வரை காத்திருந்தனர். பின்னரும் 2019இன் குண்டுவெடிப்பு, 2020இன் பெருந்தொற்று, 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு என்று இடைவெளிகள் விழுந்தன. ஒரு தலைமுறை மாணவருக்குப் பேராதனை என்பது அண்ணன் எடுத்துவந்த படத்தில் பார்த்த பனை வரிசை மட்டும்தான்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். ஒக்ரோபர் முதல் சனவரி வரை மாரிமழை. கங்கை பெருகினால் மூதூர்ப் பக்கத்து வீதிகளில் தண்ணீர் ஏறும். ஆகவே பயணம் பெரும்பாலும் ஆண்டின் நடுப்பகுதியில் அமையும். அப்போது கொட்டியாரக் கரையில் புல் காய்ந்திருக்கும். பேராதனையிலோ தென்மேல் பருவமழை தூறிக்கொண்டிருக்கும். ஒரே கிழமையில் ஊரிலும் பூங்காவிலும் பொறுக்கிய உதிர்ந்த இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் இரு வலயங்களின் வேறுபாடு ஒரு தாளில் அடங்கிவிடும். பூங்காவில் இலை பறிக்கத் தடை. உதிர்ந்ததையும் கேட்டுவிட்டு எடுப்பதே முறை.

திரும்பி வந்த பின் நடத்தத்தக்க வகுப்புகளில் ஒன்று மாரிகாலத்துக்கு உரியது. கங்கை கலங்கி வரும்போது கொட்டியாரக் குடாவில் மூங்கிற் துண்டுகள் மிதப்பதுண்டு. அது பேராதனை மூங்கிலா என்று கேட்கும் பிள்ளை நிச்சயம் இருக்கும். தேசப்படத்தை விரித்துவிட்டால் விடையை அவர்களே காண்பர்: பூங்காவுக்கும் கழிமுகத்துக்கும் இடையே பொல்கொல்லை, விக்ரோறியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று அணைகள் குறுக்கே நிற்கின்றன. மூங்கில் எங்கோ கீழே, சமவெளிக் கரையில் முறிந்ததாகத்தான் இருக்கும். அந்த அணைகளில் மூங்கிலோடு வண்டலும் தங்கிவிடுகிறது என்பதும், கண்டற்காடு உயிர்வாழ வண்டல் வேண்டும் என்பதும் அதற்கடுத்த பாடவேளைக்கு.